கம்லா ஏறிய கப்பல்

சிகடோகா ஆற்றுப் பள்ளத்தாக்கில் காலைப் பனி சீக்கிரம் கலையாது. ஆற்றின் மேல் பஞ்சுப் பொதியாய்க் கிடந்து, பிறகு மெல்ல எழுந்து, கத்தரிப் பாத்தி, தக்காளிப் பாத்தி, புகையிலைக் கொல்லை என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தபடி மலைப்பக்கம் போய்ச் சேரும். அதுவரைக்கும் தான் எங்கே இருக்கிறோம் என்று சுமித்ராவுக்கே நிச்சயமாகத் தெரியாது. கை தக்காளியைப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கும். மனசு கடலைத் தாண்டி சவுசவுவில், கொதிக்கிற ஊற்றங்கரையில், ஆவிக்குள் நின்றுகொண்டிருக்கும்.

சவுசவு அவள் பிறந்த ஊர், பக்கத்துத் தீவில். அங்கே கரையோரத்தில் பூமியே கொதிக்கும். டாலோக் கிழங்கைச் சாக்கில் கட்டி ஊற்றுக்குள் இறக்கினால் விறகில்லாமல் வெந்துவிடும். அவள் அப்பா கொப்பரைக் கொட்டகையில் வேலை பார்த்தார். கோயில் திருவிழாவில் தமிழில் பாடுவார். கொப்பரை உலர்த்தும் தகரத்தில் கரித்துண்டால் எழுதிக் காட்டி மகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். நாகையாவைக் கட்டிக்கொண்டு படகேறி இந்தப் பள்ளத்தாக்குக்கு அவள் வந்தபோது, கொண்டுவந்த சீதனத்தில் புகுந்த வீட்டார் கணக்கில் சேர்க்காமல் விட்டது அந்த எழுத்து ஒன்றைத்தான்.

அவள் கதை எழுதினாள். அதை வீட்டில் ஒரு பெரிய விஷயமாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒருத்திக்குப் பூ வேலை, ஒருத்திக்குப் பாட்டு, இவளுக்கு இது என்று விட்டுவிட்டார்கள். நாகையா கொல்லைக்கும், அவன் தம்பி விரேந்திரா பஸ் ஓட்டவும், மகள் ரோஷ்னி பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, மதியப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததற்கும் கோழிக்குத் தீனி வைப்பதற்கும் நடுவில் ஒரு நேரம் கிடைக்கும். கவிழ்த்த தக்காளிப் பெட்டிதான் மேசை. அந்த நேரத்தில் எழுதியதைச் சாயங்காலம் கத்தரிக்காய் தரம் பிரிக்கும்போது உர்மிளாவுக்கு வாசிப்பாள்.

உர்மிளா விரேந்திராவின் மனைவி. அதே முற்றத்தில் எதிர்வீடு. தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. அந்தப் பள்ளத்தாக்கில் சுமித்ராவின் கதைக்கு இருந்த ஆள் அவள் ஒருத்திதான்.

கதை கம்லா என்ற பெண்ணைப் பற்றியது. கம்லாவின் புருசன் கொப்பரை விற்கக் கப்பலில் தலைநகர் சுவாவுக்குப் போனான், திரும்பவில்லை. கம்லா அழவும் இல்லை, தேடவும் இல்லை. ஊற்றங்கரையில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு, கப்பல் வருகிற நாளில் டாலோ வேகவைத்து, சூடு ஆறுமுன் துறைக்குக் கொண்டுபோய் விற்பாள். இறங்குகிறவர்களிடம் எதையும் கேட்க மாட்டாள்.

“ஒரு வார்த்தை கேட்டா என்னக்கா?” என்பாள் உர்மிளா. “என் புருசனைப் பாத்தீங்களான்னு.”

“அவ கேக்கமாட்டேங்கிறா. நான் என்ன பண்றது?”

“நீதான எழுதுற?”

“எழுதுறது நான்தான். அவ என் பேச்சைக் கேக்கறதில்ல.”

“வருவானா, வரமாட்டானா? அதையாவது சொல்லு.”

“எனக்கே தெரியாது உர்மிளா. கப்பல் வந்தாத்தான் தெரியும்.”

இப்படியே ஆண்டுகள் போயின. கம்லா துறையில் நின்றுகொண்டே இருந்தாள்.

எண்பத்தேழு மே மாதத்தில் ஒருநாள் ரேடியோவில் பாட்டு நின்றது. இந்திய வம்சத்தாரையும் சேர்த்து அமைந்த புது அரசாங்கத்தைக் கவிழ்க்க, சுவாவில் பார்லிமெண்டுக்குள் பட்டாளம் புகுந்துவிட்டது என்று பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள். பள்ளத்தாக்கில் வெளிப்பார்வைக்கு ஒன்றும் மாறவில்லை. பனி எழுந்தது, ஆறு ஓடியது. கடற்கரை ஹோட்டல்களுக்கு வெள்ளைக்காரர்கள் வருவது நின்றது. ஹோட்டல்காரர்கள் காய் எடுப்பதை நிறுத்தினார்கள். கத்தரிக்காய் செடியிலேயே மஞ்சளாகியது. செப்டம்பரில் இரண்டாம் தடவை பட்டாளம் எழுந்தபோது யாரும் அதிகம் பேசவில்லை. பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டிருந்தது. கனடாவில் யார் இருக்கிறார்கள், ஆக்லந்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் பேச்சு.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைச் சட்டம் வந்தது. ஞாயிறு ஆண்டவன் நாள். பஸ் ஓடக்கூடாது, கடை திறக்கக்கூடாது, கொல்லையில் மண்வெட்டி விழக்கூடாது.

முதல் ஞாயிறன்று சுமித்ராவுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததை மறைப்பதற்கில்லை. முழுசாக ஒரு நாள். ஊரே அடங்கிக் கிடக்கும். உட்கார்ந்து எழுதலாம். கம்லாவைத் துறையிலிருந்து நகர்த்தலாம்.

நடந்தது வேறு. வேலையில்லாத ஆண்கள் முற்றத்து மாமர நிழலில் பாயை விரித்தார்கள். நாகையா, விரேந்திரா, பக்கத்துக் கொல்லை ஜிதேந்திரா, அவன் மச்சான்கள். யங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்து, சிரட்டை கைமாறிக் கைமாறிப் போனது. காலையில் டீ, பத்து மணிக்கு ரொட்டி, மதியம் பருப்பும் சோறும் டின் மீன் குழம்பும், யங்கோனாவின் கசப்புக்குத் தொட்டுக்க ஏதாவது, திரும்ப டீ. ஊரில் வேலையே கூடாது என்ற நாளில் சுமித்ராவுக்கும் உர்மிளாவுக்கும் அடுப்பை விட்டு நகர முடியவில்லை. வாரநாளில் கிடைத்த அந்த மதிய நேரமும் அன்று இல்லை.

அடுத்தடுத்த ஞாயிறுகளும் அப்படித்தான். வாரநாளிலும் அவள் இப்போது கொல்லையில் கூலி ஆளுக்குப் பதிலாக நின்றாள். எழுத்து நின்றுபோனது. கம்லா கனவில் மட்டும் வந்தாள். ஆவிக்குள் முகம் தெரியாமல் நிற்பாள்.

ஒரு ஞாயிறு தக்காளி பழுத்து வெடிக்கிற நிலையில் இருந்தது. திங்கட்கிழமைக்கு நிற்காது. நாகையா யாரிடமும் சொல்லாமல் கூடையை எடுத்துக்கொண்டு விடியலில் இறங்கிவிட்டான். பனி மறைத்துக்கொள்ளும் என்று நினைத்திருப்பான். பனி கலைந்தபோது ரோட்டில் பட்டாளத்து டிரக் நின்றிருந்தது. அடிக்கவில்லை, வையவில்லை. பறித்ததையெல்லாம் பாத்தியிலேயே கொட்டச் சொன்னார்கள். கொட்டியதற்கு முன்னால் உட்காரச் சொன்னார்கள். வெயில் உச்சிக்கு வரும்வரை உட்காரவைத்தார்கள். நாகையா குத்தகைக்கு எடுத்த நிலத்துக்குச் சொந்தக்காரக் குடும்பத்து இலையேசா, மாதாகோயிலிலிருந்து வெள்ளைச் சட்டையோடு வந்து பேசிய பிறகுதான் விட்டார்கள்.

வீட்டுக்கு வந்த நாகையா முகம் கழுவவில்லை. நேராக மாமரத்தடியில் போய் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். சிரட்டை நகரத் தொடங்கியது. ஆனால் அடுக்களையிலிருந்து எதுவும் வரவில்லை.

நாகையா எழுந்து வந்து எட்டிப்பார்த்தான். அடுப்பு அணைந்திருந்தது. சுமித்ரா வாசற்படியில் கை கட்டி உட்கார்ந்திருந்தாள்.

“டீ எங்க?”

“இன்னைக்கு ஞாயித்துக்கிழமை.”

“அதுக்கு?”

“வேலை கூடாதாமே.”

நாகையா விளங்காமல் பார்த்தான். “கொல்லை வேலைதான் கூடாது. அடுப்பு வேலைய யாரு கேட்டா?”

“அடுப்பு வேலைன்னு நீங்களே சொல்றீங்க. வேலைதான அது?”

“விளையாடாத சுமித்ரா. நான் காலைலேருந்து மண்ணுல உக்காந்துட்டு வந்திருக்கேன். ஆளுங்க வந்திருக்காங்க.”

“தெரியும். எனக்கும் வயிறு எரியுது. அந்தத் தக்காளிய நட்டது நாம ரெண்டு பேரும்தான்.” அவள் குரல் உயரவில்லை. “ஆனா பட்டாளம் உங்களை உக்காரவெச்சது ஒரு நாள். என்னை உக்காரவுடாம வெச்சிருக்கிறது யாரு? நாடு முழுக்க ஓய்வு. இந்த முற்றத்துல எனக்கும் உர்மிளாவுக்கும் மட்டும் இல்ல. கேட்டா யாரைக் கேக்கிறது, பட்டாளத்தையா, உங்களையா?”

“உக்காந்து என்ன பண்ணப் போற?”

“எழுதுவேன்.”

“எழுதி?”

சுமித்ரா கண்ணைத் தாழ்த்தவில்லை. நாகையா தன் கால் நகத்தில் ஒட்டியிருந்த தக்காளி விதையைப் பார்த்தான். பிறகு அடுக்களைக்குள் போய் மரவள்ளிக் கிழங்கை எடுத்துப்போட்டு உரிக்க ஆரம்பித்தான். தோலோடு பாதிக் கிழங்கும் போனது. வெளியே ஜிதேந்திரா, “என்ன பய்யா, சமையலா?” என்று கேட்டபோது, “சர்க்கார் உத்தரவு” என்றான்.

வெந்த கிழங்கில் உப்பு அதிகம். மிளகாயும் எலுமிச்சையும் நசுக்கி வைத்துக்கொண்டு எல்லாரும் தின்றார்கள். அன்றைக்கு சுமித்ரா வெற்றுத்தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். வார்த்தை ஒன்றும் வரவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறும் அடுப்படியில் நாகையாதான் நின்றான்.

பஸ் ஓடாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பதைவிட, இனிமேல் இப்படித்தான் என்பது விரேந்திராவை அரித்தது. உர்மிளாவின் அண்ணன் வான்கூவரில் இருந்தான். கனடா போகக் காகிதம் போட்டிருப்பதை இருவரும் வீட்டில் சொல்லவில்லை. விசா வந்த அன்று உர்மிளா ஆற்றுக்குத் துணி துவைக்க வந்தாள். வீட்டில் குழாய் இருந்தும் ஆற்றுக்கு வந்ததிலேயே சுமித்ராவுக்குத் தெரிந்துவிட்டது.

“எப்போ?” என்றாள்.

“பிப்ரவரில. வீட்டுச் சாமியக் கும்பிட்டுட்டு.” உர்மிளா ஒரே சட்டையைத் திரும்பத் திரும்பக் கசக்கினாள். “நீங்களும் வாங்கக்கா. அவரு சொல்றாரு, மச்சானையும் பின்னாடி கூப்பிட்டுக்கலாமாம்.”

“உங்க மச்சான் வரமாட்டாரு. கேட்டுப் பாத்தேன். லீஸ் முடியறவரைக்கும் மண்ணை விட்டு வரலங்கிறாரு.”

“நீ?”

சுமித்ரா ஆற்றைப் பார்த்தாள். மேலேயிருந்து ஒரு வாழைமட்டை மிதந்து வந்து, சுழலில் சுற்றி, திரும்பவும் வழி பிடித்துப் போனது. “அங்க போனா நான் எந்தத் துறைல நின்னு எழுதுறது? இங்கேருந்து சவுசவுவப் பாக்கவே கண்ணை மூடிக்கிட வேண்டியிருக்கு. அங்கேருந்து எட்டாது.”

“அப்ப நான் போறதுக்குள்ள முடிச்சிடு. அவன் வந்தானா இல்லியான்னு தெரியாம நான் பிளேன்ல ஏறமாட்டேன்.”

“முடிக்கிறேன்.”

அவள் மெய்யாகத்தான் சொன்னாள். ஞாயிறுகளில் எழுதவும் செய்தாள். மழைக்காலம் முழுக்க ஆவியும் பனியும் ஒன்றாகக் கலந்ததுபோல் ஒரு மயக்கத்தில் திரிந்தாள். தொட்டியில் தண்ணீர் நிரம்பி வழியும். ரோஷ்னி வந்து குழாயை மூடிவிட்டு, “மம்மி ஃபிர் சவுசவு கயா,” என்பாள். மம்மி மறுபடி சவுசவு போயாச்சு. கம்லாவின் புருசன் கடைசியில் கப்பலிலிருந்து இறங்கிவிட்டான். நரைத்திருந்தான். அவளிடமே கிழங்கு வாங்கித் தின்றான். அதற்கு மேல் என்ன என்பதுதான் வரவில்லை. அது வருவதற்குள் விருந்து வந்துவிட்டது. வழியனுப்ப வந்த உறவுக்காரர்கள், ஆட்டுக்கறி, அண்டா அண்டாவாகச் சோறு, அழுகை. கடைசி வாரம் முழுவதும் இரண்டு பெண்களும் ஒரே அடுக்களையில் நின்றும் தனியாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

நாந்தி விமான நிலையத்தில் எல்லாக் குடும்பங்களும் ஒரே மாதிரி அழுதுகொண்டிருந்தன. பழைய புடவையும் புதுக் கோட்டும் போட்ட பெண்கள், கழுத்தில் மாலையோடு ஆண்கள். உர்மிளா, சுமித்ராவின் தோளில் முகத்தை வைத்து, “வந்தான்ல?” என்றாள்.

“வந்தான்.”

“அது போதும்,” என்றாள் உர்மிளா. போதாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அதன் பிறகு எதிர்வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. கத்தரிக்காய் தரம் பிரிக்கும் இடத்தில் சுமித்ராவுக்கு எதிரே யாரும் இல்லை. ஞாயிறு இருந்தது, தாளும் இருந்தது, நாகையாவின் கிழங்குகூட ஓரளவு பதமாக வரத் தொடங்கியிருந்தது. எழுதுவதற்குத்தான் காரணம் இல்லை. யாருக்கு வாசிப்பது? நாகையாவிடம் ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிட்டான். தப்பு சொல்ல முடியாது, விடியலில் எழுந்தவன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு கேசட் வந்தது. அப்போது எல்லா வீட்டிலும் அப்படித்தான். கடிதம் எழுதத் தெரியாதவர்கள் பேசி அனுப்புவார்கள். விரேந்திரா விட்டுப்போன டேப் ரிக்கார்டரில் போட்டார்கள். பஸ்ஸில் ஓடிய அதே பெட்டி. விரேந்திரா அண்ணனிடம் மண், மழை எல்லாம் விசாரித்தான். பிறகு உர்மிளாவின் குரல், கொஞ்சம் சளியோடு.

“அக்கா, இங்க வெளில எல்லாம் வெள்ளையா இருக்குது. சவுசவு ஆவி மாதிரின்னு நெனச்சுக்கிறேன். ஆனா தொட்டா சுடாது, கடிக்கும். கோழி வெட்டுற ஃபேக்டரில நிக்கிறேன். என் பக்கத்துல நம்ம நாட்டு ஆளுங்கதான், பா ஊருக்காரி ஒருத்தி, லம்பாசாக்காரி ரெண்டு பேரு. எல்லாருக்கும் தமிழ் தெரியும். கம்லா கதைய எனக்குத் தெரிஞ்ச மட்டும் சொல்லிட்டேன். அவன் கிழங்கு தின்ன எடத்துல நிறுத்திட்டேன். அவங்க என்னை வுடமாட்டேங்கிறாங்க. மீதிய நீயே பேசி அனுப்பு. நான் சொன்னா உப்பில்லாம இருக்குது.”

நாகையா பொத்தானை அமுக்கி நிறுத்தினான். மனைவியைப் பார்த்தான். அவள் ஏற்கனவே எங்கேயோ போய்விட்டிருந்தாள்.

அந்த ஞாயிறு ஒரு பழைய ஹிந்திப் பாட்டுக் கேசட்டின் மேல் அவள் பேசிப் பதிவு செய்தாள். தாளை முன்னால் வைத்துக்கொண்டாள். பாதிக்கு மேல் தாளில் இல்லாததைச் சொன்னாள். கிழங்கைத் தின்று முடித்த புருசன், “கை மணம் மாறல” என்கிறான். கம்லா கூடையைக் கீழே வைக்கிறாள். குடிசை எங்கே இருக்கிறது, விளக்கு எங்கே மாட்டியிருக்கிறது, கோழி எத்தனை மணிக்கு அடையும் என்று அவனுக்குச் சொல்கிறாள். சொல்லிவிட்டு, அவன் இறங்கி வந்த அதே பலகையில் ஏறிக் கப்பலுக்குள் போய்விடுகிறாள். கோபமில்லை. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான்.

சொல்லி முடித்ததும் அவளே ஆச்சரியப்பட்டுப்போனாள். அப்படி முடியும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. நடுவில் மழை பிடித்துக்கொண்டது. கூரைத் தகரத்தில் தடதடவென்று கொட்டியது. நாகையா அடுப்படியில் இருமினான். எல்லாம் சேர்ந்தே கேசட்டில் ஏறியது. அழித்துத் திரும்பப் பேச மனசு வரவில்லை. அப்படியே கட்டித் தபாலில் போட்டாள்.

பதில் கேசட்டுக்கு அவள் காத்திருந்த விதத்தைப் பார்த்தால் கல்யாணப் பேச்சுக்குக் காத்திருப்பவள்போல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கெடுபிடி அதற்குள் தளர்ந்து பஸ் ஓட ஆரம்பித்திருந்தது. நாகையா மட்டும் ஞாயிற்றுக்கிழமை அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. அவனுக்கு அது பழகிவிட்டது, அல்லது அப்படிக் காட்டிக்கொண்டான்.

கேசட் வந்தது. பெட்டியைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

“அக்கா,” என்றாள் உர்மிளா, “எல்லாரும் அழுதுட்டாங்க.”

சுமித்ரா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

“மழை வந்துச்சு பாரு, அந்த எடத்துல. தகரத்துல வுழுந்த சத்தம். பா ஊருக்காரி எழுந்து பக்கத்து ரூமுக்குப் போயிட்டா. ‘எங்க வீட்டுத் தகரம், எங்க வீட்டுத் தகரம்’னு ஒரே அழுகை. இங்க மழை பேஞ்சா சத்தமே வராதுக்கா. மச்சான் இருமினதுக்கு அவரு அழுதுட்டாரு. அதையே திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டோம்.”

நாகையா தொண்டையைச் செருமிக்கொண்டான். “நல்லவேளை இருமினேன்,” என்றான். சுமித்ராவின் முகம் சுருங்கிவிட்டது. கையில் இருந்த தக்காளிக் காம்பைத் துண்டு துண்டாகக் கிள்ளினாள்.

“இத்தனை வருசமா எழுதினேன்,” என்றாள் மெல்ல. “தகரத்துக்கும் இருமலுக்கும்தான் அழுவுறாங்க. கம்லாவ யாரும் பாக்கவே இல்ல.”

“இரு, இன்னும் ஓடுது,” என்றான் நாகையா.

டேப்பில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. வேறொரு குரல் வந்தது. வயசான குரல், லம்பாசாப் பக்கத்து இழுப்பு.

“அம்மா, என் பேரு இந்திராவதி. உனக்கு என்னைத் தெரியாது. உன் கதைல ஒண்ணு கேக்கணும். அந்தப் பொண்ணு கப்பல்ல ஏறிச்சே, கையில என்ன எடுத்துக்கிட்டுப் போச்சு? நீ சொல்லல. நான் வரும்போது எதை எடுக்கிறது, எதை வுடுறதுன்னு தெரியாம ரெண்டு நாளு வீட்டையே சுத்தி வந்தேன். கடைசில ஒரு அம்மிக் குழவியத் தூக்கிட்டு வந்துட்டேன். அம்மி அங்கயே இருக்குது. இங்க வந்து அதைப் பாத்துப் பாத்துச் சிரிக்கிறாங்க. அதான் கேக்கிறேன். அவ என்ன எடுத்துக்கிட்டா? ராத்திரியெல்லாம் அதே நெனப்பா இருக்குது.”

டேப் கொஞ்ச நேரம் வெறுமனே சுற்றியது. பிறகு அடியில் இருந்த ஏதோ பழைய பாட்டின் வால் எட்டிப் பார்த்தது. ரோஷ்னி நிறுத்தினாள். அவள் தாயைப் பார்த்து, தமிழில், தட்டித் தடவி, “என்ன எடுத்துச்சு மம்மி?” என்றாள்.

சுமித்ரா வாசலில் போய் நின்றாள். ஆற்றுப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. பின்னால் அடுப்பில் கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது. கேட்டவளின் முகம் அவளுக்குத் தெரியாது. ஆனால் ஆவிக்குள் இத்தனை நாள் முகம் காட்டாமல் நின்ற கம்லா மெல்லத் திரும்புவதுபோல் இருந்தது.

உள்ளே வந்து பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். வேறு கேசட்டைப் போட்டாள். அதற்குள் முதல் தூறல் கூரையில் விழுந்தது. நாகையா கரண்டியோடு எட்டிப்பார்த்து, “மழை நிக்கட்டும், அப்புறம் பேசு. மறுபடியும் தகரத்துக்குத்தான் அழுவாங்க,” என்றான்.

“பெய்யட்டும்,” என்றாள். “அழட்டும். நான் அதுக்கு மேல பேசிக்கிறேன்.”

பொத்தானை அழுத்தினாள். மழை வலுத்தது. அவள் குரலை உயர்த்தினாள்.

“இந்திராவதியம்மா, அவ கையில ஒண்ணும் எடுத்துக்கல. அப்பத்தான் அவனுக்குக் கிழங்கு எடுத்துக் குடுத்த கை. ஈரமா இருந்துச்சு, சூடா இருந்துச்சு. கப்பல் நகர்ற வரைக்கும் அவ அந்தக் கையத் துடைச்சுக்கவே இல்ல.”